புதையல் தேடுவோரின் வரைபடமும் எங்கள் லயன்களும்

ஊவாவில் 'புதையல் தோண்டியவர்கள் கைது' என்பது இப்போது யாரையும் திடுக்கிட வைக்காத செய்தி. பூசைத் தட்டு, மண்வெட்டி, அலவாங்கு ஆகியவற்றோடு ஸ்கேனர் இயந்திரமும் சான்றுப் பொருட்களில் சேர்ந்துவிட்டது. அதிகம் பேசப்படாத இன்னொரு கருவியும் உண்டு. அது பழைய வரைபடம்.

பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், பெரியம்மா வீட்டில் அதைப் பார்த்தேன். வெளியூர்க்காரர் இருவர் கைபேசியில் பழைய வரைபடமொன்றைக் காட்டி, பழைய லயமும் கோப்பி ஸ்டோரும் எங்கே இருந்தன என்று விசாரித்தார்கள். லயம் இருந்த இடத்தில் இப்போது தேயிலை நிற்கிறது. பெரியம்மாவுக்கு இடம் தெரியும். "அங்கதான் எங்க ஆளுங்களப் பொதச்சதும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முறை எளியது. இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அது வரைந்த பழைய தாள்களில் தோட்டங்களும் பாதைகளும் பெயரோடு இருக்கின்றன. அவற்றை இன்றைய செய்மதிப் படத்தோடு ஒப்பிட்டால் மறைந்துபோன பாதையும் கைவிடப்பட்ட குடியிருப்பும் தெரியவரும். மனிதர் கூடிய இடத்தில் காசு விழுந்திருக்கும் என்பது கணக்கு. 1817-18 ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சிக் காலத்தில் புதைத்த செல்வம் என்ற கதையும் ஆசையைத் தூண்டுகிறது.

பிரித்தானியாவில் இது பொழுதுபோக்கு. நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். புதையல் என்று சட்டம் கருதும் பொருள் கிடைத்தால் அறிவிக்க வேண்டும். இங்கே 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் தேடி உரிமப் பத்திரமின்றி அகழ்வது குற்றம். சொந்தக் காணியானாலும் அப்படித்தான். நாட்கூலிக்குக் குழி வெட்டப் போகும் தோட்டத்து இளைஞனும் இதில் மாட்டிக்கொள்வான்.

என்னை உறுத்துவது அதே சட்டத்திலுள்ள ஒரு திகதி. ஒரு பொருள் இயல்பாகவே தொல்பொருளாக வேண்டுமானால் அது 1815 மார்ச் 2க்கு முந்தியதாக இருக்க வேண்டும். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. மலையகத் தமிழர் வருகையின் தொடக்கமாக நாம் நினைவுகூர்வது 1823. ஆகவே எங்கள் வரலாறு முழுவதும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுகிறது. பிற்காலக் கட்டடங்களை வர்த்தமானி மூலம் பாதுகாக்க வழியுண்டு. ஆனால் ஒரு லயனை, ஒரு பெரட்டுக்களத்தை அப்படிப் பாதுகாக்கும்படி கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அந்த மண்ணில் பொற்குடம் இருக்குமோ தெரியாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரிடம் தோட்டத்தின் குறியீடும் இலக்கமும் பொறித்த தகர டிக்கெட் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு குடும்பம் எந்தத் தோட்டத்துக்குப் போனது என்பதற்கான சாட்சி அது. புதையல்காரனின் கையில் அது வெறும் தகரம். தூக்கி எறிந்துவிட்டுப் போவான்.

வன்னி வாசகருக்கு இது புதிதல்ல. புலிகளின் தங்கம் என்று சொல்லி முல்லைத்தீவில் எத்தனை இடங்களைத் தோண்டி வெறுங்கையோடு மூடினார்கள்! எலும்புகளோ தங்கம் தேடாதபோதுதான் வெளிவந்தன. 2023இல் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்கு வெட்டியபோது மனிதப் புதைகுழி தெரிந்தது. 2025இல் செம்மணியில் செய்மதிப் படங்களையும் நிலத்தை ஊடுருவும் ராடாரையும் பயன்படுத்தினார்கள். பழைய படமும் நிலத்தடியைப் பார்க்கும் கருவியும் நீதிக்கும் உதவும். யார், எதைத் தேடுகிறார் என்பதுதான் வேறுபாடு. 1983க்குப் பின் பதுளையை விட்டு வன்னிக்குப் போன எங்கள் சொந்தங்களில் சிலர் 2009இல் திரும்பவில்லை. இங்கே அவர்கள் வாழ்ந்த லயமும் இல்லை, அங்கே அவர்களின் சமாதியும் இல்லை.

வரைபடம் இருந்தும் பயனற்றுப் போன கதையும் பதுளையிலேயே உண்டு. மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் பணி 1990களில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான் தொடங்கியது. கொஸ்லந்தை மீரியாபெத்தை மக்களை அகற்ற வேண்டுமென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டது. மாற்றுக் காணி கிடைக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயன்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு ஊவாவின் மலைகள் மீண்டும் சரிந்தன.

புதையல்காரன் எங்கள் மண்ணின் வரைபடத்தைத் தேடிப் படிக்கிறான். நாம் படிப்பதில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் மூத்தவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, பழைய லயம், மயானம், கோயில், பீலி எங்கெங்கே இருந்தன என்று குறித்து வைக்க ஒரு நாள் போதும். மண்வெட்டி வேண்டாம், மண்ணைத் தொடவும் வேண்டாம். காணி உரிமை பேசப் போகும் நாளில் அந்தத் தாள் கையில் இருக்கும். பெரியம்மாவுக்கு 81 வயது. நான் அடுத்த மாதமே போகிறேன்.