தரங்கம்பாடியில் ஓர் இரவு



அரையாண்டு விடுமுறை நெருங்குகிறது. திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி என்று கிழக்குக் கடற்கரைப் பக்கம் கிளம்பப் போகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தப் பயணங்களில் தரங்கம்பாடிக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை மணி நேரம்தான். திருக்கடையூரில் தரிசனம் முடித்து, காரைக்கால் போகிற வழியில் வேனை நிறுத்துவார்கள். கோட்டை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு ஏறிவிடுவார்கள். இந்த முறை அப்படிச் செய்யாதீர்கள், ஓர் இரவு தங்கிப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

டேனிஷ்காரர்கள் இங்கே வந்தது மிளகுக்காக. 1620-ல் அவர்களுடைய கடற்படைத் தளபதி ஓவே கெட், தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு டான்ஸ்பர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். நாயக்கரின் பொன்னோலை இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1845-ல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். இந்தத் துறையிலிருந்து போன கப்பல்களில் துணியும் மிளகும் மட்டுமல்ல, அடிமைகளும் ஏற்றப்பட்டார்கள் என்பதை, அந்த மஞ்சள் சுவர்களின் அழகில் மயங்கும்போது மறந்துவிடக் கூடாது.

ஆனால் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்காரனுக்கு அந்த ஊரில் கோட்டையைவிடப் பெரிய ஈர்ப்பு வேறு இருக்கிறது. 1706 ஜூலையில் பர்த்தலோமேயு சீகன்பால்கு என்ற இளம் ஜெர்மானியர் இங்கே வந்து இறங்கினார். டென்மார்க் அரசர் அனுப்பிய மதபோதகர். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகினார். அனுப்பியவர் அரசர் என்றாலும், இங்கிருந்த டேனிஷ் அதிகாரிக்கு அவரைப் பிடிக்கவில்லை. நான்கு மாதம் அதே கோட்டைக்குள் சிறை வைத்தார்.

அவருடைய அச்சு இயந்திரம் வந்த கதையைத் தனியாகவே எழுதலாம். லண்டனிலிருந்து கப்பலேறிய அதை, ரியோ டி ஜெனீரோ பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். பணம் கொடுத்து மீட்டு அனுப்பினால், கூட வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்துபோனார். 1712-ல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. மறுவருடம் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. பெரிய பெரிய எழுத்துகள். காகிதத்தைத் தின்று தீர்த்தன. காகிதமோ ஐரோப்பாவிலிருந்து வரவேண்டும். அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். அதற்கு ஈயம் கிடைத்தது சீமையிலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் மூடிகளிலிருந்து! தமிழில் புதிய ஏற்பாடு 1715-ல் முழுமையாக அச்சாகி முடிந்தது. பக்கத்துப் பொறையாரில் காகிதம் செய்யவும் முயன்றார்கள். அந்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப் பட்டறை என்றே பெயர்.

தமிழின் முதல் அச்சுப் புத்தகம் இங்கே வந்தது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல, 1578-லேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது. என்றாலும் எழுத்து வார்ப்பது, அச்சடிப்பது, காகிதம் செய்வது என்று முழுத் தொழிலையும் ஒரே இடத்தில் நடத்திப் பார்த்த ஊர் தரங்கம்பாடிதான். அச்சுத் தமிழை வாசித்து வளர்ந்த நம் எல்லாருக்கும் அந்த ஊரில் ஒரு பழைய கடன் பாக்கி இருக்கிறது.

அங்கே போனால் வண்டியை நகர வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள். 1792-ல் கட்டிய அந்த வளைவுக்குள் நுழைந்து நடந்தால், கடல் வரை ஒரே தெருதான். வழியில் 1701-ல் எழுந்த சீயோன் கோயில், எதிரில் 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். சீகன்பால்கு அடுத்த வருடமே, 36 வயதில் இறந்து, இந்த ஆலயத்திலேயே அடக்கமானார். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய வேதநாயகம் பிள்ளை முன்சீஃபாக இருந்ததும் இந்த ஊரில்தான். கோட்டைக்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. சின்னதுதான், ஆனாலும் அவசரப்படாமல் பாருங்கள்.

கோட்டைக்கு வடக்கே கரையோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மேலும் அரிக்காமலிருக்கக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். 2004 சுனாமியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. மீனவக் குடும்பங்களோடு பேசும்போது அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கைக்காக அந்தக் கதையைக் கிளறாதீர்கள். கடலில் இறங்கிக் குளிக்கவும் வேண்டாம். பாறைகளும் அலையும் சேர்ந்த இடம் அது.

ஓசோன் நிறைந்த காற்று வீசும் கடற்கரை என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். மூச்சில் போகும் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல்தான் என்பதால், அந்தப் பெருமை பொய்யாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உப்புக் காற்றே போதும்.

தங்குவதற்குக் கடலோரத்தில் பழைய பங்களா ஒன்று ஹோட்டலாக இருக்கிறது. வாடகை கட்டுப்படியாகாது என்றால் காரைக்காலில் தங்கிக்கொள்ளலாம், பக்கம்தான். அப்படித் தங்கினாலும் மறுநாள் விடியும்முன் தரங்கம்பாடிக் கரைக்கு வந்துவிடுங்கள்.

தரங்கம்பாடி போல, கவனிப்பாரில்லாத இடங்கள் நம் கடற்கரை முழுவதும் இருக்கின்றன. பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைகள், சதுரங்கப்பட்டினத்தில் இடிந்த கோட்டை என்று எனக்குத் தெரிந்தவை சில. உங்கள் ஊரில் இருப்பது உங்களுக்குத்தான் தெரியும். போய்ப் பார்த்து, ஒரு படத்தோடு இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். தபால் அட்டையில் நாலு வரி எழுதினாலும் போதும், வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்