தலையை ஸ்கேன் எடுப்பதற்கு முன்: இளம் வயது உளமாய நோய் பற்றிய எமது நிலைப்பாடு

கற்பிட்டியிலிருந்து முந்தல், உடப்பு வழியாகச் சிலாபம் வரையுள்ள கரையோரக் கிராமங்களில், சைக்கோசிஸ் எனப்படும் உளமாய நோய் முதன்முதலாக வந்த பிள்ளைகளின் குடும்பங்களோடு நாங்கள் வேலை செய்கிறோம். அவர்கள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "தலையை ஒருக்கா ஸ்கேன் பண்ணிப் பார்த்தா என்ன?" நகையை அடகு வைத்து, வெங்காயம் விற்ற காசையும் சேர்த்துக்கொண்டு கொழும்புக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்து வருகிறார்கள். அறிக்கையில் குறை எதுவும் இல்லை என்றிருக்கும். எங்கள் கவலை அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. "மூளையில ஒண்டுமில்லையாம், அப்ப இது செய்வினைதான்" என்று குளிசையை நிறுத்திவிடுகிறார்கள்.

ஆகவே எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உளமாய நோயா இல்லையா என்பதை இன்றைக்கு எந்த ஸ்கேனும் சொல்லாது. பிள்ளையோடும் வீட்டாரோடும் பேசித்தான் டாக்டர் அதைக் கண்டுபிடிக்கிறார். ஸ்கேனுக்குக் கடன்படும் குடும்பம் அந்தக் காசைக் கிளினிக்குக்குப் போய்வரும் பஸ் செலவுக்கு வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைக்கு வலிப்பு, காய்ச்சல், தலையில் அடி, ஒரு பக்கம் கை கால் இயங்காமை, சில நாட்களுக்குள் ஏற்பட்ட கடும் தடுமாற்றம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் கதை வேறு. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஒருவகை மூளையழற்சி 2007 இல் விளக்கப்பட்டது. அது பார்வைக்கு மனநோய் போலவே தொடங்கும், குணப்படுத்தவும் முடியும். இப்படியான சந்தேகம் இருந்தால் டாக்டரே படம் எடுக்கச் சொல்வார். அப்போது தயங்க வேண்டாம்.

மூளையில் மாற்றமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. உளமாய நோய்களில் ஒன்றான மனச்சிதைவோடு நீண்ட காலம் இருந்தவர்களின் மூளையில் நீர் நிறைந்த அறைகள் பெருத்திருப்பதை, 1976 இல் இலண்டன் நோர்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜோன்ஸ்டன் குழுவினர் சீ.டி. படங்களில் காட்டினார்கள். நோயின் தொடக்கத்திலேயே நெற்றிப் பகுதியிலும் பொட்டுப் பகுதியிலும் சாம்பல் பொருள் சற்றுக் குறைந்திருப்பதாகப் பிந்திய எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் சொல்கின்றன. இந்த வித்தியாசம் சராசரியில் சில வீதம்தான். நூறு நோயாளர் படங்களையும் நூறு சுகதேகிகள் படங்களையும் கலந்து வைத்தால் எது யாருடையது என்று ஒருவராலும் பிரித்தெடுக்க முடியாது. நீண்ட கால மருந்துக்கும் இந்தக் குறைவில் பங்கிருக்கலாம் என்று 2011 இல் அமெரிக்காவின் அயோவா ஆய்வு ஒன்று சொன்னது. அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் மருந்தே தொடாதவர்களிடமும் வித்தியாசம் காணப்பட்டிருக்கிறது. குளிசையை நிறுத்தியதும் நோய் திரும்பி வருவதால் விளையும் சேதத்தை நாங்கள் எங்கள் ஊர்களிலேயே பார்க்கிறோம்.

படத்தில் தெரியாத ஒன்று வீட்டில் தெரியும். இறால் நிறுத்துக் கணக்கெழுதிய பிள்ளையிடம் இரண்டு கிலோ எண்ணூறு கிராமுக்கு விலை கேட்டால் தராசைப் பார்த்தபடி நிற்கிறான். கடைக்குப் போனவன் மூன்று சாமானில் ஒன்றோடு திரும்புகிறான். நோயால் கேட்ட இல்லாத குரல்கள் நின்று இரண்டு மாதமாகியும் இப்படித்தான் இருக்கிறான். வாப்பா "சோம்பேறி" என்கிறார், உம்மா "குளிசை மயக்கம்" என்கிறார். இரண்டுமே முழு உண்மையல்ல. 2009 இல் 47 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, முதல் தடவை நோய் வந்தவர்களில் மிகக் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தவை கேட்டதை மனதில் வைத்திருப்பதும், வேகமாக யோசிப்பதும்தான். இந்தச் சரிவில் பெரும்பங்கு நோய் வெளிப்படுவதற்கு முன்னரே நிகழ்ந்துவிடுகிறது. முதுமை மறதிபோல் அது ஆண்டுக்காண்டு கீழே போவதில்லை. பிள்ளை வேலைக்குத் திரும்புவானா என்பதை, குரல்கள் நின்றதைவிட இந்தத் திறன்களே கூடுதலாகத் தீர்மானிக்கின்றன. ஆனால் கிளினிக்கில் ஐந்து நிமிடத்தில் கேட்கப்படுவது "சத்தம் கேக்குதா? நித்திரை வருதா?" என்பதோடு முடிகிறது. நோயாளர் கூட்டத்தையும் டாக்டர்மாரின் தட்டுப்பாட்டையும் நாங்கள் அறியாதவர்கள் அல்ல. என்றாலும் யோசிக்கும் திறனை ஆண்டுக்கு ஒரு தடவையாவது பரிசோதித்துக் கிளினிக் கொப்பியில் எழுத வேண்டும் என்று கேட்கிறோம்.

அந்தச் சோதனை பிள்ளையின் தாய்மொழியில் நடக்க வேண்டும். சொற்களை வாசித்துக் காட்டித் திரும்பச் சொல்லக் கேட்கும் சோதனையைச் சிங்களத்தில் வைத்தால், நுரைச்சோலைத் தமிழ்ப் பிள்ளையின் ஞாபகம் அங்கே அளக்கப்படாது. அவனுக்கு எவ்வளவு சிங்களம் தெரியும் என்பதுதான் தெரியவரும். எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவனைப் பல்கலைக்கழக மாணவனின் அளவுகோலால் அளப்பதும் அநியாயம்.

இன்னொன்று உடனே செய்யக்கூடியது. கைநடுக்கத்துக்குக் கொடுக்கப்படும் பென்ஸ்ஹெக்சோல் குளிசை நீண்ட நாள் எடுத்தால் ஞாபகத்தைக் குறைக்கும். ஒருதரம் எழுதப்பட்டது வருடக் கணக்காகத் தொடர்வது உண்டு. அது இன்னும் தேவையா என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஞாபகத்தையும் யோசிக்கும் வேகத்தையும் வளர்க்கும் சிந்தனைப் பயிற்சி பலன் தருகிறது. உண்மையான வேலையோடு சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பலன் தருகிறது. இதற்குக் கணினி வேண்டும் என்றில்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலை, கையில் எழுதிய துண்டு, போனில் அலாரம், அவசரப்படுத்தாத முதலாளி ஒருவர் இருந்தால் உப்பளத்திலும் கருவாட்டு வாடியிலும் தொடங்கலாம். உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைக்கு மேலதிக நேரம் தர வேண்டும். ஒரு வருடம் பிந்தி எழுதவும் பாடசாலை வழிவிட வேண்டும்.

பிள்ளை மீண்டு வருவதில் குடும்பம்தான் பெரிய பலம். சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தையும் கனடாவின் மொன்றியலையும் ஒப்பிட்டு 2020 இல் வெளியான ஆய்வில், ஒதுங்கியிருத்தல், ஊக்கமின்மை போன்ற அறிகுறிகள் சென்னை இளைஞர்களிடம் கூடுதலாகக் குறைந்திருந்தன. அங்கே குடும்பங்கள் சிகிச்சையோடு கூடவே நின்றதும் அந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது.

கோயில், பள்ளி, தலவில அன்னம்மாள் தேவாலயம் என்று நேர்த்தி வைப்பவர்களை நாங்கள் தடுக்கவில்லை. ஓதிப் பார்க்கும் அதே வாரத்தில் கிளினிக்குக்கும் போங்கள் என்கிறோம். கட்டிப்போடுவதை மட்டும் ஒருபோதும் ஏற்கமாட்டோம். கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டின் ஏர்வாடியில், 2001 ஓகஸ்ட் 6 அன்று தீப்பிடித்த தனியார் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். பின்னாளில் அதே ஊரிலுள்ள தர்காவில் துஆவோடு மருந்தும் கிடைக்கும்படி அரச மனநல சேவை ஏற்படுத்தப்பட்டது. புத்தளம் மாவட்டத்து வணக்கத்தலங்களிலும் அப்படியொரு ஏற்பாட்டைச் செய்யுமாறு சுகாதாரத் துறையையும், மௌலவிமார், குருக்கள்மார், பங்குத்தந்தையர் ஆகியோரையும் கேட்டுக்கொள்கிறோம்.

பிள்ளை அறைக்குள்ளே ஒதுங்கி, தனக்குத்தானே பேசி, படிப்பில் திடீரென்று பின்தங்கினால் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். புத்தளம், சிலாபம் அரச ஆஸ்பத்திரிகளின் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். இரவானாலும் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம்.