பைலட் பஞ்சமா, சம்பளப் பஞ்சமா?

மீன் மார்க்கெட்டுக்குப் போன ஒருவர், நெத்திலி விலைக்கு வஞ்சிரம் கேட்கிறார். கடைக்காரம்மா முறைக்கிறார். அடுத்த கடை, அதற்கும் அடுத்த கடை... எங்கேயும் அதே முறைப்புதான். வெறும் பையோடு வீடு திரும்பியவர், திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "ஊரில் மீன் பஞ்சம் வந்துவிட்டது" என்று புலம்புகிறார். யாராவது நம்புவார்களா? சிரிப்பார்கள். ஆனால் இதையே கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, வாஷிங்டனில் போய்ச் சொன்னால் மட்டும் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அமெரிக்காவின் பிராந்திய விமான நிறுவனங்கள் பத்து வருடங்களுக்கும் மேலாகச் சொல்லிவரும் "பைலட் பஞ்சம்" என்ற கதை இப்படிப்பட்டதுதான்.

முதலில் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரிலிருந்து சிகாகோவுக்கு டிக்கெட் எடுத்தால், விமானத்தின் மேல் "யுனைடெட் எக்ஸ்பிரஸ்" என்றோ "அமெரிக்கன் ஈகிள்" என்றோ எழுதியிருக்கும். உள்ளே உட்கார்ந்து ஓட்டுபவர் யுனைடெட்டின் ஊழியரோ அமெரிக்கனின் ஊழியரோ அல்ல. ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், என்வாய் என்று வேறொரு கம்பெனியின் ஊழியர். எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, என்ன கட்டணத்தில் என்பதையெல்லாம் பெரிய கம்பெனி முடிவு செய்கிறது. டிக்கெட் பணமும் பெரும்பாலும் அதற்கே போகிறது. சின்ன கம்பெனிக்குப் பறந்ததற்குக் கூலி. திருப்பூர் பாஷையில் சொன்னால், ஜாப் ஒர்க்.

ஜாப் ஒர்க் செய்பவன் கையில் என்ன இருக்கிறது? கட்டணத்தை ஏற்ற முடியாது. எரிபொருள் செலவு பொதுவாகப் பெரிய கம்பெனியின் கணக்கு. விமானத்தின் விலை எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, ஊழியர்களின் சம்பளம். யார் குறைந்த கூலிக்கு ஓட்டுகிறார்களோ அவர்களுக்கே அடுத்த ஒப்பந்தம். பல வருட சர்வீஸ் உள்ள விமானிகள் நிறைந்த கம்பெனிக்கு அனுபவமே சுமையாகிவிடும். டெல்டா தன் சொந்தத் துணை நிறுவனமான காம்ஏரை 2012-ல் மூடியபோது சொன்ன காரணங்களில் ஒன்று, அதன் செலவு அதிகம் என்பதுதான்.

இந்தக் கணக்கின் மேல்தான் 50 இருக்கை ஜெட்டுகள் பறந்தன. 1992-ல் கனடாவின் பம்பார்டியர் தயாரித்த சி.ஆர்.ஜே. சேவைக்கு வந்தது. சில வருடங்களில் பிரேசிலின் எம்ப்ரேயர் தன் 50 இருக்கை ஜெட்டோடு போட்டிக்கு வந்தது. ஒரு விமானத்தில் 50 இருக்கை இருந்தாலும் 180 இருக்கை இருந்தாலும் முன்னால் உட்காருபவர்கள் இரண்டு பேர்தான். ஆக, இருக்கை குறையக் குறைய ஒவ்வொரு பயணியின் தலையிலும் விழும் விமானிச் செலவு கூடும். அது கூடாமல் இருக்க வேண்டுமானால் அந்த இரண்டு பேருக்கும் சம்பளத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

அந்தக் குறைப்பின் விலை என்ன என்பது 2009 பிப்ரவரி 12 இரவு தெரிந்தது. நியூவர்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் ஏர் 3407 விமானம் தரையிறங்கும் முன் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் செய்ததே தவறான காரியம் என்று விசாரணை முடிவு சொன்னது. ஆனால் அதே விசாரணையில் வேறு விஷயங்களும் வெளியே வந்தன. துணை விமானி, முந்தைய இரவை மேற்குக் கடற்கரையிலிருந்து நியூவர்க் வரை சரக்கு விமானங்களில் பயணம் செய்தே கழித்திருந்தார். கேப்டன் படுக்க இடமில்லாமல் விமான நிலைய ஊழியர் அறையில் தங்கியிருந்தார். துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் 16 ஆயிரம் டாலர் என்று ஒரு கணக்கு, இல்லை 24 ஆயிரத்தை ஒட்டி என்று இன்னொரு கணக்கு. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் நியூவர்க் பக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடு எடுக்க அது போதாது.

இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதால் 2010-ல் புதிய சட்டம் வந்தது. அதன்படி 2013 முதல், பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவே 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும். ராணுவ விமானிகளுக்கு 750 மணி, விமானப் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு 1,000 மணி என்று சலுகைகளும் உண்டு. அதுவரை 250 மணி நேரமே போதுமாக இருந்தது. 2014 ஜனவரியில் ஓய்வு நேர விதிகளும் கடுமையாயின.

அன்றிலிருந்து ஆரம்பித்த பாட்டு இன்னும் ஓயவில்லை. "விதிதான் விமானிகளை வர விடாமல் தடுக்கிறது." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! கிரேட் லேக்ஸ் என்ற கம்பெனி தன் 19 இருக்கை விமானங்கள் சிலவற்றில் பத்து இருக்கைகளைக் கழற்றி எறிந்து 9 இருக்கை ஆக்கியது. 9 இருக்கை என்றால் அந்த 1,500 மணி விதி துணை விமானிக்குப் பொருந்தாது. வருமானத்தில் பாதியை இழக்கவும் தயார், ஆள் கிடைக்கிற அளவுக்குச் சம்பளம் தர மட்டும் தயாரில்லை! 2018 மார்ச்சில் அந்தக் கம்பெனி பறப்பதை நிறுத்தியது. 2022-ல் ரிபப்ளிக், தன் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்களை 750 மணியிலேயே சேர்க்க விலக்கு கேட்டது. அமெரிக்க விமானத் துறை நிர்வாகம் அதே வருடம் செப்டம்பரில் மறுத்துவிட்டது.

எதிர்த்தரப்புக்கு ஒரு நல்ல வாதம் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. கோல்கன் விமானத்தின் இரண்டு விமானிகளுமே 1,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள். அப்படியானால் இந்த விதி இருந்திருந்தாலும் அந்த விபத்தைத் தடுத்திருக்காதே? உண்மைதான். ஐரோப்பாவில் 1,500 மணி விதி கிடையாது, அங்கே விமானங்கள் பத்திரமாகத்தான் பறக்கின்றன என்பதும் உண்மை. சின்ன விமானத்தில் ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி மணிக்கணக்கைக் கூட்டுவதால் மட்டும் ஒருவர் நல்ல விமானி ஆகிவிட மாட்டார்.

ஆனால் அதற்கு மாற்றாக நிறுவனங்கள் முன்வைப்பது என்ன? ஐரோப்பாவைப் போல முறையான பயிற்சியை முதல் நாளிலிருந்து தங்கள் செலவில் தருவோம் என்றா சொல்கிறார்கள்? இல்லை. ஒரு லட்சம் டாலரை ஒட்டிக் கடன் வாங்கிப் படித்துவிட்டு வரும் பிள்ளை, இன்னும் சீக்கிரமாக வரட்டும் என்கிறார்கள். கடன் பிள்ளையின் தலையில், லாபம் கம்பெனியின் பையில். 2009-க்குப் பிறகு 2025 ஜனவரி வரை இவ்வளவு உயிர்களைப் பறித்த விபத்து ஒன்றுகூட அமெரிக்கப் பயணிகள் விமான நிறுவனங்களில் நடக்கவில்லை. அந்த ஜனவரியில் வாஷிங்டனில் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் ஜெட்டும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தது வேறு வகை விபத்து. அந்தப் பதினாறு வருடங்களுக்கான பெருமை முழுவதையும் 1,500 மணி விதிக்குக் கொடுக்க முடியாது. ஆனால் ஓய்வு, பயிற்சி, அனுபவம் என்று சேர்ந்து வந்த விதிகளில் ஒன்றை உருவ வேண்டும் என்பவர்தான் அது பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டும்.

சரி, பஞ்சம் உண்மையா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. விலையை ஏற்றிப் பார்ப்பது. 2022 ஜூனில் என்வாய், பீட்மாண்ட் இரண்டும் சம்பளத்தை 50 சதவீதத்துக்கும் மேல் உயர்த்தின. புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர், புதிய கேப்டனுக்கு 150 டாலரை ஒட்டி. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. அடுத்த ஓரிரு வருடங்களில் துணை விமானிகளுக்கான விண்ணப்பங்கள் குவிந்தன. விதி அப்படியே இருந்தது, மாறியது சம்பளம் மட்டும்!

இந்தச் சம்பளம் கம்பெனியை மூழ்கடிக்குமா? 90-ம் 150-ம் கூட்டினால் மணிக்கு 240 டாலர். 50 இருக்கை விமானத்தில் 40 பேர் இருந்தால் தலைக்கு 6 டாலர். ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு 9 டாலர். மற்ற படிகள், சலுகைகளைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். விமான நிலையத்தில் ஒரு சாண்ட்விச்சின் விலை. உயிரை ஒப்படைக்கும் இரண்டு பேருக்குச் சேர்த்து அவ்வளவுகூடத் தரக் கூடாதா?

2023 வாக்கில் துணை விமானிகள் வந்துவிட்டார்கள். கேப்டன்களைத்தான் காணோம். அதற்கும் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். 2020-ல் கொரோனா வந்தபோது ஊழியர்களை வேலையில் வைத்திருப்பதற்கென்றே முதல் தவணையாக மட்டும் பயணிகள் விமான நிறுவனங்களுக்கு 25 பில்லியன் டாலர் அரசுப் பணம் ஒதுக்கப்பட்டது. அதே வருடம் பெரிய நிறுவனங்கள் மூத்த விமானிகளுக்கு முன்கூட்டி ஓய்வு கொடுத்து அனுப்பின. டெல்டாவில் மட்டும் 1,800 பேரை ஒட்டி. பிறகு கூட்டம் திரும்பியதும் அந்த இடங்களை நிரப்பப் பிராந்திய கேப்டன்களை அள்ளிக்கொண்டு போனார்கள். துணை விமானி கேப்டன் ஆக, பொதுவாக விமான நிறுவனத்தில் 1,000 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கு ஒன்றிரண்டு வருடமாவது ஆகும். கிணற்றைத் தாங்களே தூர்த்துவிட்டு, தண்ணீர் இல்லை என்று யாரைக் குறை சொல்வது?

அடுத்த குற்றச்சாட்டு, பெரிய நிறுவன விமானிகளின் சங்கங்கள் மேல். அவர்களின் ஒப்பந்தப்படி பிராந்திய நிறுவனங்கள் 76 இருக்கைக்கு மேலும், 86,000 பவுண்டு எடைக்கு மேலும் உள்ள விமானங்களைப் பறக்க முடியாது. இதனால்தான் எம்ப்ரேயரின் புதிய இ175-இ2 அமெரிக்காவில் விலைபோகவில்லை, ஜப்பானின் மிட்சுபிஷி தன் ஸ்பேஸ்ஜெட்டை 2023-ல் கைவிட்டதற்கும் இது ஒரு காரணம் என்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த ஒப்பந்தம் பெரிய விமானத்தைத் தடுக்கவில்லை. பெரிய விமானத்தைக் குறைந்த கூலிக்கு வெளியே விடுவதைத்தான் தடுக்கிறது. டெல்டா 2019-ல் 109 இருக்கை ஏ220 விமானத்தைத் தன் சொந்த விமானிகளை வைத்தே பறக்க ஆரம்பித்தது. யார் தடுத்தார்கள்?

இதில் உண்மையாகவே அடி வாங்கியது சின்ன ஊர்கள்தான். 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட், அரசு மானியம் பெறும் 29 ஊர்களை விட்டு விலகப்போவதாக நோட்டீஸ் கொடுத்தது. அதே வருடம் டொலிடோ, இத்தாக்கா, ஐஸ்லிப் ஆகிய ஊர்களுக்கு அமெரிக்கன் சேவையை நிறுத்தியது. அங்கே உள்ள நோயாளியும் மாணவரும் பல மணி நேரம் காரில் போக வேண்டியிருப்பது கொடுமைதான். ஆனால் அந்த ஊர்களுக்கு விமானம் வேண்டும் என்பது சமூகத்தின் தேவை என்றால், அதன் செலவைச் சமூகம் வெளிப்படையாக ஏற்கட்டும். 1978-லிருந்தே அதற்கு மானியத் திட்டம் இருக்கிறது. கடனில் தத்தளிக்கும் 23 வயதுத் துணை விமானியின் சட்டைப் பையிலிருந்து அந்த மானியத்தை எடுப்பது என்ன நியாயம்?

இது அமெரிக்காவோடு முடிந்துபோகும் கதை அல்ல. 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்து, பயணிகள் பெட்டிகளுக்கு நடுவே தரையில் படுத்துக் கிடந்தபோது இங்கேயும் அதே பாட்டு கேட்டது. "புதிய ஓய்வு விதிகள்தான் காரணம்." அந்த விதிகள் 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டவை. தயாராக இரண்டு வருடத்துக்கு நெருங்கிய அவகாசம் இருந்தது. கடைசியில் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது எது? விமானிகளின் ஓய்வு!

விமானி தூங்க வேண்டும், விமானி சாப்பிட வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்தால் ஓடாத வியாபாரம், உண்மையில் எப்போதுமே ஓடவில்லை. யாரோ ஒருவரின் தூக்கத்தில்தான் ஓடியது. அடுத்த முறை "பைலட் கிடைக்கவில்லை" என்று ஒரு நிறுவனம் சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். என்ன விலைக்குக் கேட்டீர்கள்?