பள்ளிக்கூடமா? ஜாதிக்கூடமா?

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி இரவு, திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்து வந்த ஆதிதிராவிட மாணவன் ஒருவனை, அவனோடு ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அவன் செய்த குற்றம் என்ன? ஜாதியைச் சொல்லித் தன்னை இழிவுபடுத்தியவர்களைப் பற்றிப் பள்ளியில் வாய் திறந்து சொன்னான் என்பதுதான்.

வெட்டு விழுவதற்கு முன்பே அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகப் பயந்து சில நாட்கள் வீட்டிலேயே கிடந்தான். அந்தச் சில நாட்களைப் பற்றியே நாம் இங்கு பேச வந்தோம். அரிவாள் விழுந்தது ஒரே இரவு. இழிவு விழுந்ததோ பல நாள். அரிவாளைக் கேட்க போலீசும் கோர்ட்டும் உண்டு. இழிவைக் கேட்க யார் உண்டு?

நாங்குநேரி எங்கேயோ இருக்கிறது, நமக்கென்ன என்று மதுரைத் தோழர்கள் இருந்துவிட வேண்டாம். 1939-இல் மீனாட்சி கோயில் கதவு திறந்தது என்று பெருமை பேசும் இந்த ஜில்லாவில்தான், உத்தப்புரத்தில் தெருவுக்கும் தெருவுக்கும் நடுவே சுவர் நின்றது. 2008-இல் அதில் ஒரு பகுதியைச் சர்க்கார் இயந்திரம் வைத்து இடித்தது. தெருவில் எழுப்பிய சுவரை இடிக்க ஒரு நாள் போதும். பெற்றோர் பிள்ளைகளின் மனதில் எழுப்பிய சுவரை இடிக்க எந்த இயந்திரம் இருக்கிறது? கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்துப் பக்கத்தில் உட்காருவதா வேண்டாமா என்று பிள்ளைகள் முடிவு செய்யுமானால், அது பள்ளிக்கூடமா, ஜாதிக்கூடமா?

சரி, இழிவுபட்ட பிள்ளையை நம் கிராமங்களில் என்ன செய்கிறார்கள்? பிள்ளை சாப்பிடவில்லை, தூக்கத்தில் அலறுகிறது, பள்ளிக்குப் போ என்றால் அழுகிறது. உடனே "காத்துக் கருப்பு அண்டிவிட்டது" என்று கோடாங்கியிடம் இழுத்துப் போகிறார்கள். அவன் உடுக்கை அடித்து, வேப்பிலையால் நாலு சாத்து சாத்தி, சேவலும் காசும் வாங்கிக்கொண்டு கயிறு கட்டி அனுப்புகிறான். தோழர்களே! அந்தப் பிள்ளையைப் பிடித்த பேய் புளியமரத்தில் இல்லை. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பேயின் பெயர் ஜாதி. அதை ஓட்ட உடுக்கை உதவாது. படித்துப் பயின்ற மனநல ஆலோசகர் வேண்டும்.

இது நம் கற்பனை அன்று. நாங்குநேரிக்குப் பிறகு சர்க்கார் நியமித்த நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு, 2024 ஜூன் மாதம் அறிக்கை கொடுத்தது. ஜாதிக் கயிற்றை நீக்கு, பள்ளிப் பெயரில் உள்ள ஜாதியை எடு என்பவற்றோடு, ஒவ்வொரு வட்டாரத்திற்கும் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வேண்டும், 500 பிள்ளைகளுக்கு மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றும் அது சொல்லிற்று. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டும், 100 மாணவர் படிக்கும் கல்வி நிலையத்திற்கு ஓர் ஆலோசகராவது இருக்க வேண்டும் என்று விதித்தது. அமெரிக்காவில் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 பிள்ளைக்கு ஒருவர் என்று கணக்குச் சொல்லுகிறது. ஆகவே, தேவையா என்ற கேள்வி தீர்ந்தது. பணம் யார் தருவது என்பதே மிச்சம்.

"உபாத்தியாயரே ஆறுதல் சொல்லட்டுமே" என்பர் சிலர். உபாத்தியாயருக்குப் பாடமும் பதிவேடும் போக நேரம் ஏது? அன்றியும், அவரும் ஒரு ஜாதியில் பிறந்தவர். அவரிடம் சொன்னால் ஊருக்குள் போய்விடுமோ என்று பிள்ளை அஞ்சாதா? "14417 என்று போன் எண் இருக்கிறதே" என்பர் வேறு சிலர். வீட்டில் உள்ள ஒரே போன் அப்பன் சட்டைப்பையில் இருக்கும்போது பிள்ளை எங்கிருந்து பேசும்?

"பணம் இல்லை" என்பதுதான் கடைசி வாதம். 2025-26-இல் பள்ளிக் கல்விக்கு இந்த ராஜ்யம் ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். இதில் ஆலோசகருக்கு இடமில்லை என்றால் யார் நம்புவார்? டெல்லி சர்க்காரோ, தன் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கு உரிய 2,152 கோடியை நிறுத்தி வைத்தது. பிள்ளைகளின் பணத்தைப் பிணையாக வைப்பது அயோக்கியத்தனம். ஆனால் டெல்லி கதவடைத்தது என்பது சென்னை கைகட்டி நிற்பதற்குச் சமாதானம் ஆகாது. ஊர்க்காரர்களையும் கேட்கிறோம்: சாமி கும்பிடத் தலைக்கட்டு வரி போடுகிறீர்களே, பிள்ளை பிழைக்க எந்த ஊரில் வரி போட்டீர்கள்?

நிற்க, இழிவுபடுத்தும் பிள்ளைக்கும் ஆலோசகர் வேண்டும் என்கிறோம். அவன் பிறக்கும்போது அரிவாளோடு பிறக்கவில்லை. உசிலம்பட்டிச் சீமையில் பிறப்பாலேயே குற்றவாளி என்று வெள்ளைக்காரன் கைரேகைச் சட்டம் போட்டான். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ந் தேதி 16 பேர் சுடப்பட்டு மாண்டார்கள். பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தியதற்கு உயிரைக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளை, இன்னொருவன் பிறப்பைச் சொல்லி ஏசலாமா? இந்தச் சரித்திரத்தை அவனை உட்கார வைத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

நூறு வருஷங்களுக்கு முன்பு, இதே நெல்லைச் சீமையில் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைக்குத் தனிப்பந்தி போட்டார்கள். ஒப்புக்கொண்ட பத்தாயிரத்தில் பாதியைக் கொடுத்திருந்த காங்கிரசில், மிச்சத்தைத் தரமாட்டேன் என்று நின்றவர் பெரியார். பிள்ளைகளைப் பிரிக்கும் பள்ளிக்குப் பொதுப் பணம் இல்லை என்பது அன்றைய நியாயம். பிரிந்த பிள்ளைகளைச் சேர்க்கும் வேலைக்குப் பொதுப் பணம் உண்டு என்பதே இன்றைய நியாயம். பணம் இல்லாத உத்தரவு, எண்ணெய் இல்லாத விளக்கு.

ஆகையால் தோழர்களே! உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள். சட்டசபை மெம்பர் ஓட்டுக் கேட்க வரும்போது, "எங்கள் பள்ளிக்கு ஆலோசகர் எங்கே? அவர் சம்பளம் எந்தக் கணக்கில்?" என்று கேளுங்கள். வெட்டுப்பட்ட நாங்குநேரிப் பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டு, பரீட்சை எழுதி, 600-க்கு 469 மார்க்கு வாங்கினான். அவன் தன் கடமையைச் செய்துவிட்டான். சர்க்காரும் நாமும் எப்போது செய்யப் போகிறோம்?