மட்டி விளையும் தண்ணீருக்கும் ஓர் அளவுகோல் வேண்டும்

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடற்கரை சுமார் 42 கிலோமீட்டர்தான். கட்டுமாவடியில் தொடங்கி மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம் என்று இறங்கி மீமிசலைத் தாண்டினால் முடிந்துவிடும். இந்தக் கரையை நம்பி வாழ்கிறவர்கள் சேர்ந்த எங்கள் சங்கம், கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் கழிவுநீர் கலப்பது குறித்தும், அங்கே எடுக்கும் மட்டி, சிப்பியின் பாதுகாப்பு குறித்தும் தன் நிலைப்பாட்டை இங்கே வைக்கிறது. தண்ணீரைச் சோதித்து முடிவை ஊருக்குச் சொல்லாமல் மட்டி எடுப்பவர்களைத் தடுக்க அரசுக்கு உரிமை இல்லை. மலநீரைக் கரைக்கு வருமுன்னே தடுக்கும் கடமையை அரசு தட்டிக்கழிக்கவும் முடியாது.

மட்டியைத் தனியாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. நண்டும் இறாலும் இரை தேடிப் போகும். மட்டியும் ஆளிச்சிப்பியும் இருந்த இடத்திலேயே இருந்து, தண்ணீரை உள்ளிழுத்து, செவுளில் வடிகட்டி வயிற்றை நிரப்புகின்றன. வளர்ந்த சிப்பி ஒன்று மணிக்குச் சில லிட்டர் தண்ணீரை வடித்துவிடும். அந்தத் தண்ணீரில் மலக்கிருமி இருந்தால், நீரில் இருப்பதைவிடப் பல மடங்கு அதன் உடலில் சேர்கிறது. மீனைக் குடல் எடுத்துக் கழுவிச் சமைக்கிறோம். மட்டியைக் குடலோடுதான் தின்கிறோம். சிப்பியின் மேல் பழி போடுவதற்கு இதில் ஒன்றுமில்லை. நாம் விட்டதை அது நமக்கே திருப்பித் தருகிறது, அவ்வளவுதான்.

1988-ன் தொடக்கத்தில் சீனாவின் ஷாங்காய் நகரில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலையில் விழுந்தார்கள். சாக்கடை கலந்த கரைச் சேற்றில் எடுத்த மட்டியை அரைவேக்காட்டில் தின்றது காரணம் என்று கண்டறியப்பட்டது. நாங்கள் வேகவைத்துத்தானே தின்கிறோம் என்று நம்மூரில் கேட்பார்கள். வைரஸ் சாக வேண்டுமானால் சதைக்கு உள்ளே 90 டிகிரி வெப்பம் ஒன்றரை நிமிடம் நிற்க வேண்டும். ஓடு வாய் திறந்ததும் சட்டியை இறக்கினால் அந்தச் சூடு வந்திருக்காது. இதை வீட்டுக்கு வீடு சொல்வது எங்கள் பொறுப்பு. அதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1981-ல் கல்பாக்கம் பக்கம் வாயலூரில் மட்டி தின்று மூன்று பேர் இறந்தது பாசி நஞ்சால். சாக்கடைக் கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே அடுப்பை மட்டும் நம்பி இருக்க முடியாது, சோதனை வேண்டும்.

கழிவு எப்படி வருகிறது என்பது கரையில் எல்லாருக்கும் தெரியும். தூய்மை இந்தியா திட்டத்தில் கழிப்பறை வந்தது நல்லதே, பெண்கள் இருட்டும்வரை காத்திருந்த கொடுமை குறைந்தது. ஆனால் கடலோர மணலில் இடுப்பளவு தோண்டினாலே தண்ணீர் ஊறும் இடத்தில் நாலு சிமென்ட் உறையை இறக்கி, அடியைப் பூசாமல் விட்டால் அது கழிவுத்தொட்டி ஆகாது. மலம் கண்ணுக்கு மறைந்து நிலத்தடி நீருக்குள் போகிறது. அடுத்தது லாரி. தொட்டி நிரம்பியதும் போன் போட்டால் வருகிறது, உறிஞ்சிக்கொண்டு போகிறது. எங்கே கொட்டுகிறது என்று பணம் கொடுத்தவரும் கேட்பதில்லை. சுத்திகரிப்பு நிலையம் எட்டத்தில் இருந்தால் லாரிக்காரர் டீசலைக் கணக்குப் பார்ப்பார். பாலத்தடி ஓடையில் குழாயை இறக்கிவிட்டுப் போய்விடுவார். மலக்கசடை எப்படி அள்ளுவது, எங்கே கொண்டுபோவது என்று தமிழக அரசு 2014-லேயே வழிகாட்டு விதிகள் வெளியிட்டிருக்கிறது. விதி இருந்து என்ன பயன்?

நம் கடலின் குணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள். ஆழம் குறைவு, அலை குறைவு, ஏற்றவற்றமும் குறைவு. கழிமுகத்துக்குள் வந்த அழுக்கை இழுத்துக்கொண்டு போகும் வேகம் இதற்கு இல்லை. ஐப்பசி மழையில் வெள்ளாறும் காட்டாறுகளும் திறக்கும்போது, கோடை முழுதும் ஓடைகளில் தேங்கிக் கிடந்தது மொத்தமாக இறங்குகிறது.

இனி சட்டம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், 1986, கடலோர நீரை ஐந்து வகுப்பாகப் பிரிக்கின்றன. முதல் வகுப்பு உப்பளம், சிப்பி எடுத்தல், கடல் வளர்ப்புக்கானது. இரண்டாவது குளியலுக்கும் வணிக மீன்பிடிப்புக்கும் உரியது. குளிக்கும் தண்ணீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக்கோலிபார்ம் 100-க்கு மேல் போகக்கூடாது என்று அட்டவணை சொல்கிறது. சிப்பி விளையும் முதல் வகுப்பிலோ, சாக்கடையிலிருந்து வரும் மிதக்கும் திடப்பொருள் கூடாது என்பதோடு நின்றுவிடுகிறது; மலக்கிருமிக்கு எண்ணே கிடையாது. உடம்பில் படும் தண்ணீருக்கு அளவு வைத்தவர்கள், வயிற்றுக்குள் போகும் மட்டியின் தண்ணீருக்கு வைக்கவில்லை. அமெரிக்காவில் சிப்பி விளையும் நீருக்கு இந்த எண் 14. ஐரோப்பாவில் 100 கிராம் சதையில் ஈ-கோலை 230-க்குள் இருந்தால்தான் நேரே விற்கலாம். 4,600 வரை இருந்தால் சுத்தமான நீர்த் தொட்டியில் கிடத்திக் கழியவிட்ட பிறகே விற்கலாம். ஏற்றுமதிப் பெட்டிக்கு ஆய்வகம் பார்க்கிறார்கள், உள்ளூரில் கூறு கட்டி விற்கும் மட்டியை யாரும் பார்ப்பதில்லை. இது எங்களுக்கு அவமானமாகவே படுகிறது.

எனவே, முதல் வகுப்பு நீருக்கு மலக்கிருமி வரம்பை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சேர்க்க வேண்டும். அதுவரை காத்திராமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மீன்வளத் துறையும் இம்மாவட்டக் கழிமுகங்களில் மாதம் ஒருமுறை தண்ணீரையும் மட்டிச் சதையையும் சோதித்து, முடிவைத் தமிழில் ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும். மணமேல்குடி, ஆவுடையார்கோவில் வட்டங்களுக்கென்று கரைக்கு அருகிலேயே மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். எந்த லாரி எங்கே இறக்கியது என்ற பதிவேட்டை ஊராட்சி பார்க்க முடிய வேண்டும்.

கனமழைக்குப் பின் சில நாள் மட்டி எடுப்பதை நிறுத்துவதை எங்கள் சங்கம் எதிர்க்காது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகைக் கட்டிப்போடும் தடைக்காலத்துக்குப் பழகிய கரை இது. ஆனால் அந்தத் தடைக்குத் தேதியும் உண்டு, நிவாரணமும் உண்டு. மட்டித் தடைக்கும் சோதனை எண்ணும், திறக்கும் நாளும், இடுப்பளவு நீரில் நின்று பொறுக்கும் பெண்களுக்குக் கூலியீடும் இருக்க வேண்டும். இவை இல்லாத தடையை ஏற்கமாட்டோம்.

எல்லாவற்றுக்கும் இறால் பண்ணைதான் காரணம் என்று சொல்வது எங்களில் சிலருக்கு வசதியாக இருக்கிறது. பண்ணைக் கழிவு தனிப் பிரச்சினை, அதற்குத் தனியாகப் போராடுகிறோம். மனித மலத்தின் கணக்கை அதன் தலையில் எழுத முடியாது. 2022-ல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்த அரசுக்கும் ஒரு கேள்வி: கடற்பசு மேயும் கடற்புல்லுக்குச் சாக்கடைத் தண்ணீர் ஆகுமா?

இதை மாவட்ட மீனவர் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கிறோம். அக்டோபர் 2 கிராம சபையில் கடலோர ஊராட்சிகள் ஒவ்வொன்றும் இதைத் தீர்மானமாக நிறைவேற்றக் கேட்டுக்கொள்கிறோம். வடகிழக்குப் பருவமழை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முதல் சோதனையை அந்த மழைக்கு முன்பே எடுத்துவிடலாம்.