கோடு போடும் அண்ணன்கள்



நம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடக்கும் எந்த மைதானத்துக்கும் போய்ப் பாருங்கள். ஓசூர், பாகலூர், சூளகிரி டீம்களோடு அத்திப்பள்ளிப் பையன்களும் சேர்ந்து தமிழும் கன்னடமுமாகக் கத்திக்கொண்டிருப்பார்கள். நடுவே நாற்பதைத் தாண்டிய ஒருவர் குனிந்து சுண்ணாம்புக் கோடு போடுவார். ஸ்கோர் எழுதுவதும் அவரே, சண்டையை விலக்குவதும் அவரே. "அவருக்கு வேற வேலை வெட்டி இல்லப்பா" என்று நாம் சிரிப்போம்.

அந்த வேலை வெட்டி இல்லாதவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நடராஜனைத் தெரியாதவர் நம்மில் உண்டா? அவர் சட்டை முதுகில் இருந்த 'ஜேபி நட்டு'வில் அந்த ஜேபி யார் என்று எத்தனை பேர் கேட்டோம்? சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி ஜெயப்பிரகாஷ். அப்பா தறித் தொழிலாளி, அம்மா சாலையோரம் கோழிக்கறிக் கடை. அந்த வீட்டுப் பிள்ளை இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில்தான் வீசிக்கொண்டிருந்தார்.

'திறமை இருந்தா தானா மேல வந்துடுவான்' என்பது சுத்தப் பொய்! டென்னிஸ் பந்து 58 கிராம் சுமார். கிரிக்கெட் பந்து 160 கிராம், தையல் வேறு. ஸ்பைக்ஸ் ஷூ வேண்டும், சென்னையில் தங்க இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சென்னையில் நான்காவது டிவிஷன் லீக் என்று ஒன்று இருப்பதே கிராமத்துப் பையனுக்கு எப்படித் தெரியும்? ஜெயப்பிரகாஷுக்குத் தெரிந்தது, கூட்டிப்போனார். பி.எஸ்.என்.எல். அணியில் ஆரம்பித்த ஆட்டம் அது. 2015-ல் ரஞ்சி. உடனே பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று புகார். ஆக்‌ஷனையே மாற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டியதாயிற்று. 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும், ஒரே ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில், மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக இறங்கினார்.

ஒருவரோடு இது நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதே ஊர் பெரியசாமி 2019 டி.என்.பி.எல். இறுதிப் போட்டியில் ஐந்து விக்கெட் எடுத்தார். 2023-ல் அந்த ஊரிலேயே நடராஜன் மைதானம் திறந்தார்.

நம் கதை என்ன? டிப்ளமா முடிந்து சிப்காட்டில் அப்ரன்டிஸ் சேர்ந்த அன்றே பேட் பரண்மேல் ஏறிவிடுகிறது. கேட்டால் ஷிஃப்ட்! ஏ ஷிஃப்ட் மூன்று மணிக்கு விடுகிறதே, அப்புறம் சாயங்காலம் முழுக்க என்ன செய்கிறோம்? லேத்தில் புதுப்பையன் கையைப் பிடித்துச் சொல்லித்தர ஃபோர்மேன் வேண்டும் என்று ஒத்துக்கொள்கிற நாம், மைதானத்துக்கு மட்டும் யாரும் வேண்டாம் என்று நினைக்கிறோம்.

விளையாட்டு விழாவில் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, மாலை எல்லாம் சரி. கோடு போட்டவருக்கு ஒரு டீ கொடுத்தோமா? அடுத்த ஆண்டு யூனியன் விளையாட்டு நிதியில் சுண்ணாம்பு, ஸ்கோர் புத்தகம், முதலுதவிப் பெட்டி, அம்பயரின் பஸ் செலவு இவற்றுக்கு முதலில் ஒதுக்கட்டும். கோப்பை கொஞ்சம் சின்னதாக இருந்தால் குடிமுழுகிப் போகாது. இறுதியாண்டு நண்பர்கள் வேலையில் சேர்ந்த பிறகும் வாரம் ஒரு சாயங்காலம் ஜூனியர்களுக்குத் தர முடியுமா? முடிந்தவர்கள் பரீட்சைக்கு முன்பே யூனியன் அறையில் பெயர் கொடுங்கள். என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.