மேடைக்கு ஒளியூட்டுமுன் கணக்கிடுவோம்

நம் தமிழ்ப் பள்ளிகளில் ஆண்டு விழாவுக்கான ஆயத்தங்கள் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. நாடகத்துக்கு ஒருவர், நடனத்துக்கு ஒருவர், சிற்றுண்டிக்கு ஒருவர் எனப் பொறுப்பாளர்களை நியமிக்கின்றோம். மேடை விளக்குகளை மட்டும் விழா நாளன்று காலையில், கண்ணிற்பட்ட இடத்தில் மாட்டிவிட்டு அமைதி அடைகின்றோம். வாடகைக்கு எடுத்த மண்டபத்தின் மின்சாரம் எத்தனை விளக்குகளைத் தாங்கும் என்று முன்கூட்டியே எழுதிக் கணக்கிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. அது வேரூன்ற வேண்டும். அக்கணக்கை நம் மாணவர்களே தமிழிற் செய்ய வேண்டும் என்பதே நமது கருத்து.

மேடை விளக்கும் மின்வலுவும் பிரிக்க முடியாதவை என்பதற்கு வரலாறே சான்று. இலண்டனில் சவோய் அரங்கு 1881 அக்டோபர் 10ஆம் நாள் திறக்கப்பட்டது. முழுவதும் மின்னொளி பெற்ற முதற் பொதுக் கட்டடம் என்று பின்னர் புகழ்பெற்ற அவ்வரங்கிலும், தொடக்கத்தில் நிறுவிய மின்பிறப்பாக்கியின் வலு போதவில்லை. பார்வையாளர் பகுதி மின்னொளியில் திகழ, மேடையோ டிசம்பர் 28 வரை வாயு விளக்கிலேயே இருந்தது. அன்று அரங்கின் அதிபர் ரிச்சட் டொய்லி காட் மேடையில் தோன்றி, எரியும் மின்குமிழ் ஒன்றை மெல்லிய துணியாற் சுற்றி உடைத்துக் காட்டினார். துணி தீப்பற்றவில்லை. மக்களின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அதே மாதம் 8ஆம் நாள் வியன்னா நகரின் ரிங் அரங்கில் வாயு விளக்கினால் எழுந்த தீ, சில நூறு உயிர்களைக் குடித்திருந்தது. வலுவுக்கு மீறி விளக்கேற்ற முயலாமல் மேடையைக் காத்திருக்க வைத்தார்களே, அந்தப் பொறுமை நமக்கும் வேண்டும்.

கணக்கு கடினமானதன்று. வோல்ற்று அளவை அம்பியராற் பெருக்கினால் வாற்று கிடைக்கும். நாம் வாழும் பிரித்தானியாவில் மின்னழுத்தம் 230 வோல்ற்று. பிளக் என்று நாம் வழங்கும் செருகியினுள் இருக்கும் உருகி மிகக் கூடியது 13 அம்பியர். ஆகவே ஒரு செருகி தரக்கூடியது 2990 வாற்று. பழைய ஹலோஜன் மேடை விளக்குகளிற் பல, ஒவ்வொன்றும் 1000 வாற்று கேட்பவை. நான்கு துளை கொண்ட நீட்டு வயரில் அவை நான்கையும் செருகினால் 4000 வாற்று. அதாவது 17 அம்பியருக்கு மேல். துளைகள் நான்கு இருப்பதால் வலு நான்கு மடங்காகி விடாது. நான்கும் அந்த ஒரே செருகியின் வழியாகவே மின்சாரம் பெறுகின்றன.

"அளவு மீறினால் உருகி அறுந்துவிடுமே, பிறகேன் அச்சம்?" என்று சிலர் கேட்கலாம். இவ்வளவு மீறலுக்கு உருகி உடனே அறுவதில்லை. நெடுநேரம் தாங்கி நிற்கும். அதற்கிடையில் செருகியும் வயரும் சூடேறும். வயரை உருளையிற் சுற்றியபடியே விட்டால் வெப்பம் வெளியேற வழியின்றி உறை உருகவும் கூடும். அவ்வயர் கிடப்பதோ திரைச்சீலைக்கு அருகில், நம் குழந்தைகள் நடன உடையுடன் வரிசையில் நிற்கும் இடத்தில்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. சுவரிலுள்ள பல துளைகள் ஒரே மின்சுற்றைச் சேர்ந்தவையாக இருக்கலாம். இந்நாட்டில் அத்தகைய சுற்றுக்கு வழக்கமான எல்லை 32 அம்பியர். ஏறத்தாழ 7300 வாற்று. சமையலறையில் 3000 வாற்றுத் தேநீர்க் கொதிகலன் அதே சுற்றில் இருப்பின், இடைவேளைக்குத் தண்ணீர் கொதிக்கும் வேளையில் மேடை இருண்டுவிடக்கூடும். ஓராண்டு பயின்ற பிள்ளையின் ஐந்து நிமிடம் அந்த இருளிற் போய்விடும். எந்தத் துளை எந்தச் சுற்று என்பதை மண்டபப் பொறுப்பாளரிடம் முன்னதாகவே கேட்டறிதல் நம் கடமை.

எல்.ஈ.டி. விளக்குகள் வந்தபின் இக்கணக்கு எதற்கு என்பாரும் உளர். அவை பெரும் நன்மையே. 150 வாற்று விளக்குகள் பன்னிரண்டு சேர்ந்தாலும் 1800 வாற்றுத்தான். ஆனால் அவை அனைத்தையும் ஒரே கணத்தில் ஏற்றினால், அக்கணத்துப் பாய்ச்சலிற் காப்பு ஆளி விழுந்துவிடலாம். ஒவ்வொன்றாக ஏற்றுவதே முறை. பழைய ஹலோஜன் விளக்கின் ஒளிகுறைப்பானுடன் அவற்றை இணைத்தலும் தகாது. மேலும், விளக்குகள் மலிந்தால் அழகு கூடும் என்பது மயக்கம். பரதத்தில் முகபாவம் தெரிய வேண்டும். நாடகத்திற் பேசுபவர் தெரிய வேண்டும். சரியான கோணத்தில் வைத்த ஆறு விளக்குகள், கண்ணைக் கூசவைக்கும் இருபது வண்ண விளக்குகளினும் மேலானவை.

பெற்றோரே, மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுப்போம். ஒவ்வொரு கருவியின் பெயர், அதில் எழுதியுள்ள வாற்று, எந்தச் செருகி, எந்தச் சுற்று என அவர்கள் தமிழில் நிரப்பட்டும், கூட்டிப் பார்க்கட்டும். இணைக்கும் பணியைத் தகுதிபெற்ற மின்வினைஞரே செய்யட்டும். பாடசாலையில் ஆங்கிலத்திற் கற்ற மின்னழுத்தமும் மின்னோட்டமும் மின்வலுவும் அப்போது தமிழ்ச் சொற்களாக அவர்கள் நாவில் வரும். தமிழ் என்பது மேடையிற் பாடவும் ஆடவும் மட்டுமே உரிய மொழி என்று எண்ணி வளரும் பிள்ளை, மேடைக்குப் பின்னாலும் அதனாற் பணிபுரியலாம் என்று கண்டுகொள்ளும். பேச்சுப் போட்டிக்குத் தரும் பரிசைப்போல், குறையின்றி நிரப்பிய அத்தாளுக்கும் ஒரு பரிசு வழங்குவோம். வருகின்ற ஆண்டு விழாவிலிருந்தே இவ்வழக்கம் தொடங்குவதாக.